வங்கி மூழ்கியபோது அயர்லாந்து சிரித்தது: அந்தச் சிரிப்பால் யாருக்கு என்ன லாபம்?

பிரிவு: உலக நடப்பு / ஐரோப்பா

மழைக்கோட்டு (டப்ளின்):

2009 மார்ச்சில் டப்ளின் தேசிய ஓவியக் கூடத்தின் சுவரில் புதிதாக ஒரு படம் தொங்கியது. சுற்றிலும் விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ், கவிஞர் யேட்ஸ் போன்ற பெரிய தலைகள். அவர்களோடு அன்றைய பிரதமர் பிரையன் கவன், உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல், உள்ளாடையைக் கையில் பிடித்தபடி. ஒரு பள்ளி ஆசிரியர் வரைந்து, காவலர் கண்ணில் படாமல் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். இன்னொரு கூடத்தில் அவர் மாட்டிய படத்தில் பிரதமர் காகிதச் சுருளோடு கழிப்பறையில் உட்கார்ந்திருந்தார். நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.ஈ. தொலைக்காட்சி இதை இரவுச் செய்தியில் காட்டியது. மறுநாளே பிரதமரிடம் மன்னிப்புக் கேட்டது. ஒரு தனியார் வானொலி நிலையத்துக்குப் போலீஸ் போய், ஓவியர் அனுப்பிய மின்னஞ்சலைக் கேட்டது.

அதற்கு ஆறு மாதம் முன்பு, 2008 செப்டம்பர் 29 நள்ளிரவில், இதே கவனும் நிதியமைச்சர் பிரையன் லெனிஹானும் ஆறு வங்கிகளின் கடனுக்கு அரசே பொறுப்பு என்று உத்தரவாதம் கொடுத்தார்கள். சுமார் 44,000 கோடி யூரோ. மற்ற அமைச்சர்கள் தூக்கக் கலக்கத்தில் தொலைபேசியிலேயே சம்மதம் சொன்னார்கள். உலகத்திலேயே மலிவான மீட்பு இதுதான் என்று லெனிஹான் பெருமை வேறு பட்டுக்கொண்டார். அந்த மலிவுச் சரக்கின் விலை கடைசியில் 6,400 கோடி யூரோ. அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 45 லட்சம். கைக்குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு 14,000 யூரோவுக்கு மேல். இதற்காக எந்தப் போலீஸும் எந்த வீட்டுக் கதவையும் அந்த வாரத்தில் தட்டவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். அயர்லாந்துக்காரர்களின் நையாண்டிக்கு ஐரோப்பாவில் ஈடு கிடையாது. ஆனால் அது ஆளைக் கடிக்கும், பில்லைக் கடிக்காது. 2010 செப்டம்பர் 29 அன்று, உத்தரவாதம் கொடுத்துச் சரியாக இரண்டு ஆண்டு கழித்து, ஒருவர் சிமெண்ட் கலவை லாரியை நாடாளுமன்ற வாசலுக்கே ஓட்டிவந்து நிறுத்தினார். அந்த ஆறு வங்கிகளில் ஒன்றான ஆங்கிலோ ஐரிஷைக் குத்தி, லாரியின் உருளையில் 'ஆங்கிலோ நச்சு வங்கி' என்று சிவப்பில் எழுதியிருந்தது. நாடே விழுந்து விழுந்து சிரித்தது. 2012 ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைக்குப் போலந்து போன ரசிகர்கள், 'நாங்கள் வேலையில் இருப்பதாக ஏஞ்சலா மெர்க்கல் நினைத்துக்கொண்டிருக்கிறார்' என்று தேசியக் கொடியில் எழுதிப் பிடித்தார்கள். அந்தப் படம் உலகம் சுற்றியது. ஜெர்மனியின் அன்றைய தலைவர் மெர்க்கலும் சிரித்திருப்பார். அவருக்கென்ன, தவணை தவறாமல் வந்துகொண்டிருந்தது.

பேரேடு (கார்க்):

சிரித்ததால் கட்டினார்கள் என்கிறீர்கள். கட்டாமல் தப்பிக்க வழி இருந்ததா என்பதை முதலில் பார்ப்போம், நண்பரே.

2010 நவம்பர் நடுவில் சர்வதேச நாணய நிதியத்தின் ஆட்கள் டப்ளினுக்கு வரப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, அமைச்சர்கள் தொலைக்காட்சியில் அதைக் கட்டுக்கதை என்றார்கள். சில நாள்களில், 18ஆம் தேதி காலை, அயர்லாந்து மத்திய வங்கித் தலைவர் பேட்ரிக் ஹோனஹான், ஐரோப்பிய மத்திய வங்கி இருக்கும் பிராங்ஃபர்ட்டிலிருந்து வானொலிக்குத் தொலைபேசியில் பேசி, ஆமாம், கடன் வாங்கப்போகிறோம், ஆயிரக்கணக்கான கோடியில் இருக்கும் என்று சொல்லிவிட்டார். சொந்த அரசு மூடி மறைத்ததை மக்கள் காலைத் தேநீரோடு கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். மறுநாள் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் திரிஷே லெனிஹானுக்குக் கடிதம் எழுதினார்: மீட்புக் கடனுக்கு விண்ணப்பிக்காவிட்டால் உங்கள் வங்கிகளுக்கு நாங்கள் அனுமதிக்கும் அவசரப் பணம் நிற்கும். அந்தக் கடிதம் நான்கு ஆண்டு பூட்டிக் கிடந்து 2014 நவம்பரில்தான் வெளிவந்தது.

மொத்த மீட்புத் தொகை 8,500 கோடி. அதில் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்தப் பணம். பெரும்பகுதி ஓய்வூதியத்துக்கென்று ஒதுக்கிச் சேர்த்த நிதியிலிருந்து போனது. மீட்கப்படுபவரின் பையிலிருந்தே எடுத்து மீட்பது இந்த ஏற்பாட்டின் தனிச்சிறப்பு. இதில் நகைச்சுவை உணர்வுக்கு என்ன பங்கு இருக்கிறது? கழுத்தில் கத்தி வைத்திருந்தார்கள், கொடுத்தார்கள்.

வேலூர் வாசகன்:

வெளியிலிருந்து படிப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி. அந்த நாள்களில் ஏதென்ஸில் தெருவெல்லாம் தீ. டப்ளினில் ஏன் ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை? எல்லாருமே வீடு வாங்கி விற்றுச் சம்பாதித்ததால் குற்ற உணர்வா?

மழைக்கோட்டு (டப்ளின்):

வாசகரே, நீங்கள் கேட்டதைத்தான் லெனிஹானும் 2010இல் தொலைக்காட்சியில் சொன்னார்: நாம் எல்லாருமே கொண்டாடினோமே! 2012 ஜனவரியில் அடுத்த பிரதமர் எண்டா கென்னி டாவோஸ் போய், மக்கள் கடன் வாங்குவதில் பைத்தியமாகிவிட்டார்கள் என்று வெளிநாட்டார் முன்னால் சொல்லிவிட்டு வந்தார். ஊரில் இருக்கும்போது குற்றம் உங்களுடையது அல்ல என்று ஆறுதல் சொன்னவரும் அவரே.

உண்மையில் கொண்டாடியவர்களின் பட்டியலைப் பாருங்கள். பெர்ட்டி ஆஹெர்ன் 1997 முதல் 2008 வரை பிரதமர். பொருளாதாரம் ஆட்டம் காண்கிறது என்று எச்சரித்தவர்களைப் பற்றி, இப்படிப் புலம்புகிறவர்கள் ஏன் தற்கொலை செய்துகொள்வதில்லை என்று 2007இல் மேடையில் கேட்டவர். தன் கணக்கில் வந்த பணத்துக்கு விளக்கம் கேட்ட விசாரணை ஆணையத்திடம், குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தேன் என்றவர். 2010இல், நாடு மூழ்கிக்கொண்டிருந்த அதே இலையுதிர் காலத்தில், ஒரு பிரிட்டிஷ் ஞாயிறு பத்திரிகையின் விளம்பரத்தில் சமையலறை அலமாரிக்குள் உட்கார்ந்து நடித்தார். முன்னாள் பிரதமர் ஐயா! அலமாரிக்குள்! ஆளும் கூட்டமே தன்னைத்தானே கேலிக்கூத்தாக்கிக்கொள்ளும்போது நையாண்டிக்கு வேலை எங்கே மிச்சம்?

தாழ்வாரம் (டப்ளின்):

எல்லாரும் கொண்டாடினார்கள் என்ற பேச்சைப் படித்தாலே எனக்கு எரிச்சல் வரும். நான் இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். என் வார்டில் ஒரே வேலையை ஒரே இரவில் செய்யும் இரண்டு பேர் இரண்டு விதச் சம்பளம் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். 2011 ஜனவரிக்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள், நர்சுகள் எல்லாருக்கும் தொடக்கச் சம்பளத்தில் 10 சதவீதம் வெட்டு. வெட்டப்பட்டவர்கள் கொண்டாட்ட காலத்தில் பள்ளிச் சீருடையில் இருந்தவர்கள்.

வேலையில்லாதவர்களுக்கு வாரம் 188 யூரோ என்றிருந்தபோது, 25 வயதுக்கு உட்பட்ட புதியவர்களுக்கு 100 யூரோவாகக் குறைத்தார்கள். படித்து முடித்த நர்சுகளை 80 சதவீதச் சம்பளத்துக்கு எடுக்க ஒரு திட்டம் போட்டார்கள். பிள்ளைகள் அதைப் புறக்கணித்துவிட்டு லண்டனுக்கும் பெர்த்துக்கும் விமானம் ஏறினார்கள். நிதியமைச்சர் நூனன் 2012இல், வெளிநாடு போவது அவரவர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் வாழ்க்கை முறை என்று பேசினார். அந்தக் காலியிடங்களுக்குத்தான் சில ஆண்டுகளில் கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் எங்களைக் கூப்பிட்டார்கள். ஆகவே வாசகன் தம்பி, ஜன்னல் ஏன் உடையவில்லை என்றால், கல்லெறியும் வயதில் இருந்தவர்கள் விமான நிலையத்தில் இருந்தார்கள். ஆண்டுக்கு 80,000 பேருக்கு மேல் நாட்டை விட்டுப் போன காலம் அது.

என்னுடன் வேலை பார்க்கும் ஒரு டொனிகால் அம்மா, மகன் ஆஸ்திரேலியாவில் இருந்து பேசும்போது அடுப்பங்கரையில் ஐபேடைத் தேநீர்க் கெண்டி மீது சாய்த்து வைப்பார். பேசி முடிந்ததும் உடனே ஒரு ஜோக் சொல்வார். நாம் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் கோபம் வரும்.

எதிர்க்காற்று:

இழை அழகாகப் போகிறது, ஆனால் நையாண்டி பலிக்கவே இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

முதலில் பாலிஹே. கார்க் மாவட்டத்தில், லிமரிக் போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் சின்னக் கிராமம். 2011 மார்ச் முதல் ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்ததும் தேவாலயத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் பதாகையோடு நடக்கும். வங்கிகளின் கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கு எங்கள் பணத்தைக் கொடுக்காதே என்பதுதான் கோரிக்கை. தொடங்கிவைத்தவர் ஹர்லிங் ஆட்டம் பற்றி எழுதும் விளையாட்டு நிருபர். பத்து நிமிட நடை, பிறகு வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாடு. ஆண்டுக்கணக்கில் நடந்தார்கள். தலைநகரப் பத்திரிகைகள் அவர்களைக் கிராமத்து வேடிக்கை போலத்தான் பார்த்தன.

அடுத்தது தண்ணீர். 2013இல் வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்துக் காசு வாங்க ஒரு புதிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் தலைவர் 2014 ஜனவரியில் வானொலியில் வந்து, ஆலோசகர்களுக்கு மட்டும் ஏறத்தாழ 5 கோடி யூரோ செலவு என்று சாவகாசமாகச் சொன்னார். அதோடு சிரிப்பு நின்றது. தெருக்களில் மீட்டர் பதிக்க வந்த ஆட்களுக்கு முன்னால் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அக்டோபரில் டப்ளின் தெருக்களில் பல்லாயிரம் பேர். நவம்பரில் டப்ளினின் ஜாப்ஸ்டவுன் பகுதியில் துணைப் பிரதமர் ஜோன் பர்ட்டனின் காரை இரண்டு மணி நேரத்துக்கும் மேல் மறித்தார்கள். வழிமறித்தவர்களில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் உட்பட ஆறு பேர் மீது சட்டவிரோதமாக அடைத்துவைத்த வழக்கு. 2017 ஜூனில் ஜூரி அத்தனை பேரையும் விடுவித்தது. அதே ஆண்டு தண்ணீர்க் கட்டணம் ஒழிந்தது. ஒழுங்காகக் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது. கட்டாதவர்களுக்கு அலைச்சல் மிச்சம்.

6,400 கோடியை விழுங்கிக்கொண்டவர்கள் குடிநீருக்கு ஆண்டுக்கு 160, 260 யூரோ என்றதும் எழுந்து நின்றார்கள்.

பேரேடு (கார்க்):

எதிர்க்காற்று, நீங்கள் சொன்னது மழைக்கோட்டின் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. சிரிப்பு நின்ற இடத்தில்தான் ஜெயித்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தவிர, இந்த நையாண்டி ஏழைகளின் சொத்து என்று ஏன் எல்லாரும் எடுத்துக்கொள்கிறீர்கள்? 2013 ஜூனில் ஆங்கிலோ ஐரிஷ் வங்கியின் உள் தொலைபேசிப் பதிவுகள் பத்திரிகையில் வந்தன. 2008இல் அரசிடம் 700 கோடி யூரோ கேட்டார்களே, அந்த எண்ணை எப்படிப் போட்டீர்கள் என்று ஒரு அதிகாரி கேட்க, எங்கிருந்து உருவினேன் என்று மற்றவர் சொன்ன உடலுறுப்பை இங்கே எழுதினால் மட்டுறுத்துநர் நீக்கிவிடுவார். பிறகு இருவரும் சிரிக்கிறார்கள். இன்னொரு பதிவில் ஜெர்மனியின் பழைய தேசிய கீதத்தைப் பாடுகிறார்கள், ஜெர்மானியரின் பணம் இங்கே வந்து சேர்வதைக் கொண்டாடி. மதுக்கடையில் கேட்கும் அதே தொனி, அதே துடுக்கு. யாருக்கும் எதற்கும் மரியாதை இல்லை என்ற குணம் மேல்மாடியில் இருந்தால் அதன் பெயர் கலகம் அல்ல.

மட்டுறுத்துநர்:

உறுப்பின் பெயரை எழுதாததற்கு நன்றி.

வேலூர் வாசகன்:

ஐயா, அவர்கள் நாடாளுமன்றத்திலேயே எழுதக்கூடாதது எல்லாம் ஒலித்திருக்கிறதே! 2009 டிசம்பரில் பசுமைக் கட்சி உறுப்பினர் ஒருவர், நாடாளுமன்றத்துக்கு ஒவ்வாத மொழியில் சொல்கிறேன் என்று முறையாக முன்னுரை கொடுத்துவிட்டு, எதிர்வரிசைக்காரரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினால், கோமாளி, கோழை, எலி எல்லாம் தடைப் பட்டியலில் இருக்கின்றன, இந்த வார்த்தை இல்லையாம். அன்று விவாதத்தில் இருந்தது சமூக உதவித்தொகையை வெட்டும் மசோதா. எத்தனை யூரோ வெட்டினார்கள் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை, திட்டியது மட்டும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மழைக்கோட்டு (டப்ளின்):

வாசகரே, எனக்கு ஒரு பத்தி மிச்சப்படுத்திவிட்டீர்கள்.

ஆனால் நையாண்டி ஜெயித்த களம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. கத்தோலிக்கத் திருச்சபை. 2009இல் தேவாலய நிறுவனங்களில் குழந்தைகள் பட்ட கொடுமை பற்றிய ரயன் ஆணைய அறிக்கை வந்த பிறகு பிஷப்புகளின் குரல் இறங்கிவிட்டது. 2017 ஜனவரியில் லிமரிக்கைச் சேர்ந்த, முகத்தைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொண்டு பேசும் ஒரு நகைச்சுவைக் கலைஞர், ஆர்.டி.ஈ. நிகழ்ச்சியில் நற்கருணை அப்பத்தைப் 'பேய் பிடித்த ரொட்டி' என்றார். புகார்கள் வந்தன, உண்மைதான். முப்பது ஆண்டு முன்பு என்றால் மறுநாள் அவருக்கு ஊரில் இடம் இருந்திருக்காது. 2015 மே மாதம் ஒருபால் திருமணத்துக்கு 62 சதவீத ஆதரவு. 2018 மே மாதம் கருக்கலைப்புத் தடையை நீக்க 66 சதவீதம். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் ஓட்டுப் போடவே விமானம் ஏறி வந்தார்கள்.

பிஷப்பைக் கீழே இறக்கிய அதே வாயால் வாடகை வாங்கும் வீட்டுச் சொந்தக்காரரை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதுதான் என் வருத்தம்.

தாழ்வாரம் (டப்ளின்):

2018 வாக்கெடுப்பை நையாண்டியின் கணக்கில் எழுதாதீர்கள். 2012 அக்டோபரில் கால்வே மருத்துவமனையில் சவிதா ஹலப்பனவர் இறந்தார். கர்நாடகத்திலிருந்து வந்த பல் மருத்துவர், 31 வயது. கரு கலைந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகும், இதயத்துடிப்பு இருக்கிறது என்று கருவை அகற்ற மறுத்தார்கள். ரத்தத்தில் நச்சு ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆறு ஆண்டு பெண்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். டப்ளினில் அவர் முகம் வரைந்த சுவரில் வாக்கெடுப்பு நாளில் ஆயிரக்கணக்கான துண்டுச் சீட்டுகளை ஒட்டினார்கள். மன்னித்துவிடு என்றுதான் பலவற்றில் எழுதியிருந்தது. நான் நேரில் போய்ப் படித்தேன். அங்கே ஒருவர்கூட ஜோக் சொல்லவில்லை.

பேரேடு (கார்க்):

தாழ்வாரம் அக்கா சொன்னதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஏற்றத்தாழ்வு என்றதும் எல்லாரும் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். சம்பளக் கணக்கில் அயர்லாந்து வினோதமான நாடு: வரிக்கு முந்தைய வருமானத்தில் ஏற்றத்தாழ்வு பணக்கார நாடுகளிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. வரியும் உதவித்தொகையும் சேர்ந்து அதை ஐரோப்பியச் சராசரிக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகின்றன. ஆகவே அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அரசு கைவிட்டது வீட்டைத்தான்.

வங்கிகளின் வாராக் கடனை வாங்க 2009இல் நாமா என்ற அமைப்பை உருவாக்கினார்கள். 7,400 கோடி யூரோ கடனை 3,200 கோடிக்கு வாங்கியது. வாங்கியதை வேகமாக விற்றுக் கணக்கை முடிப்பதே இலக்கு. முடித்தும் காட்டியது, லாபத்தோடு. வாங்கியவர்கள் யார்? அமெரிக்க முதலீட்டு நிதிகள். ஊர் மக்கள் அவற்றைக் கழுகு நிதிகள் என்றார்கள். பெயர் வைப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. நாட்டில் 2010இல் பாதியில் நின்ற குடியிருப்புகள் 2,800க்கு மேல். லீட்ரிம், லாங்ஃபர்ட் பக்கம் பஸ்ஸில் போனால் கூரையில்லாத வீடுகளின் வரிசை வரும். அதிலிருந்து பத்தே ஆண்டில் வீடு கிடைக்காத நாடாக மாறியது. 2025 தொடக்கத்தில் அவசர விடுதிகளில் தங்கியிருந்தவர்கள் 15,000 பேரைத் தாண்டிவிட்டார்கள்.

நையாண்டி உருப்படியாக ஒன்று செய்தது என்றால் புள்ளிவிவரத் துறையில்தான். 2015இல் பொருளாதாரம் 26 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமைகளைக் காகிதத்தில் இங்கே மாற்றியதால் வந்த வீக்கம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பால் குருக்மன் இதை, அயர்லாந்து நாட்டுக் கதைகளில் வரும் குறும்புக் குள்ளனை வைத்து, 'குட்டிச்சாத்தான் பொருளாதாரம்' என்று கிண்டல் செய்தார். ரோஷம் வந்த புள்ளிவிவர அலுவலகம், இந்த வீக்கத்தைக் கழித்துவிட்டு அளக்கும் புதிய கணக்கீட்டை 2017இல் வெளியிட்டது. இன்று எல்லாரும் அதைத்தான் நம்புகிறார்கள்.

எதிர்க்காற்று:

2016இல் ஆப்பிள் நிறுவனம் 1,300 கோடி யூரோ வரி பாக்கி வைத்திருக்கிறது, வசூலியுங்கள் என்று ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று அயர்லாந்து அரசே மேல்முறையீடு செய்தது! 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கட்டாயப்படுத்தி வாங்க வைத்தது. வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தெருமுனை வரை வரிசையில் நிற்கும் நாட்டில் இந்தக் கூத்து.

வேலூர் வாசகன்:

தேர்தலில் தண்டித்தார்களா?

மழைக்கோட்டு (டப்ளின்):

தண்டித்தார்கள். 2011 பிப்ரவரியில் கவனின் ஃபியனா ஃபாயில் கட்சி எழுபதுக்கு மேலிருந்து 20 இடத்துக்கு விழுந்தது. 'பிராங்ஃபர்ட் வழியா, எங்கள் வழியா' என்று முழங்கிய தொழிற்கட்சி 37 இடங்களோடு ஆட்சியில் பங்கேற்று, பிராங்ஃபர்ட் வழியிலேயே நடந்து, 2016இல் 7 இடத்தோடு திரும்பியது. 2020இல் ஷின் ஃபெய்ன் கட்சி அதிக வாக்கு வாங்கியதும், உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து எதிரெதிராக நின்ற ஃபியனா ஃபாயிலும் ஃபினெ கேலும் கைகோத்துக்கொண்டன. 2024 நவம்பரில் ஃபியனா ஃபாயில் 48 இடங்களோடு மீண்டும் பெரிய கட்சி. இப்போதைய பிரதமர் மீஹால் மார்ட்டின், அந்த 2008 நள்ளிரவில் வெளியுறவு அமைச்சர்.

வேலூர் வாசகன்:

அந்த வங்கிக்காரர்கள் என்ன ஆனார்கள்? யாராவது சிறைக்குப் போனார்களா?

பேரேடு (கார்க்):

ஆங்கிலோவின் தலைமை நிர்வாகி டேவிட் டிரம் அமெரிக்காவுக்குப் போய், பிடித்து வரப்பட்டு, 2018 ஜூனில் ஆறு ஆண்டு தண்டனை பெற்றார். 720 கோடி யூரோ வைப்புத்தொகை இருப்பதாகக் கணக்கு காட்டிய மோசடி. தலைவர் ஷான் ஃபிட்ஸ்பேட்ரிக் மீதான வழக்கு 126 நாள் நடந்தது, அந்நாட்டின் மிக நீண்ட குற்ற வழக்கு. அரசுத் தரப்பு விசாரணை அதிகாரியே சில ஆவணங்களைத் துண்டுதுண்டாகக் கிழித்தது தெரியவந்து, 2017 மே மாதம் நீதிபதி அவரை விடுவிக்கச் சொன்னார். லிஃபி நதிக்கரையில் ஆங்கிலோ தலைமையகத்துக்காக எழும்பி எலும்புக்கூடாக நின்ற கட்டடத்தை மத்திய வங்கி வாங்கி முடித்து, இப்போது அங்கிருந்துதான் மற்ற வங்கிகளைக் கண்காணிக்கிறது.

எதிர்க்காற்று:

எத்தனைக்கு வாங்கினார்கள் என்று யாரும் சொல்லாதீர்கள், எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.